ஓவியர் வீட்டுச் சனிக்கிழமை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவைத் திறக்கிறேன். படிப்பு முடிந்ததும் என் வீட்டிலேயே தங்கு, உன்னை உட்காரவைத்துப் படம் போடுகிறேன், உனக்கும் கற்றுத் தருகிறேன் என்று ஓவியர் கூப்பிடுகிறார், போகட்டுமா அம்மா என்று போன மாதம் கேட்டாய். நீ சொன்னபடியே அவர் வீட்டில் சில நாள் விருந்தாளியாகத் தங்கிவிட்டு வந்தேன். முட்டிவலியோடு மாடி ஏறமாட்டேன் என்று அப்பா வரவில்லை, நான் திரும்புவதற்குள் இரண்டு பால் பாத்திரத்தைக் கருக்கி வைத்திருந்தார்.

வீடு அழகு, பொய் சொல்லக்கூடாது. பஸ் சத்தத்துக்கு நடுவே இருநூறு வருஷத்து வீடு, ஆள் உயர ஜன்னல்கள், கால் வைத்தால் முனகும் மரப்படிகள். சுவரில் சாயக்கூடாது என்றார்கள், சனிக்கிழமை வீட்டையும் படங்களையும் பார்க்க ஆட்கள் வருவார்கள் என்று என் துண்டு, பல் பிரஷ், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் கட்டிலுக்கடியில் ஒளித்துவைக்கச் சொன்னார்கள். ஹாலில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி, குறுக்கே கயிறு. அவருக்குப் பேர் வாங்கித் தந்த படங்களிலெல்லாம் அதில்தான் அவர் மனைவி உட்கார்ந்திருக்கிறார். அந்த மனைவி இறந்துவிட்டதாக உன்னிடம் சொன்னாரே, நானும் அதை நம்பி, கதவு திறந்த அம்மாவிடம் பையைக் கொடுத்து, கொஞ்சம் தண்ணி கொண்டு வாம்மா என்றேன். கொண்டுவந்தார். அன்று சாப்பிடும்போது ஓவியர் தன் நண்பர்களிடம் அந்த அம்மாவைக் காட்டி, நான் கட்டினது படத்துல இருக்கிறவளைப்பா, இது அவளோட அம்மா, கூடவே வந்து ஒட்டிக்கிச்சு என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தண்ணி கேட்ட அந்த அம்மாதான் படத்தில் இருக்கும் மனைவி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

சனிக்கிழமை கூட்டம் வந்தது. உன் வயசுப் பெண் ஒருத்தி கயிற்றைத் தொட்டுக்கொண்டு, இவங்க இப்ப இருக்காங்களா சார் என்று கேட்டாள். ஓவியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போயிட்டாம்மா, ரொம்ப நாளாச்சு என்றார். அந்த அம்மா டீத் தட்டோடு அவருக்குப் பின்னால்தான் நிற்கிறார். தட்டு ஆடவில்லை. அந்தப் பெண் ஒரு கப்பை எடுத்துக்கொண்டு, நீங்க அவங்களைப் பார்த்திருக்கீங்களாம்மா என்றாள். பார்த்திருக்கேன், ரொம்பப் பேசுவா என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் தட்டை நீட்டினார். வராத பெண்ணுக்காகப் பக்கத்துப் பெண் உள்ளேன் டீச்சர் என்று குரல் கொடுப்பதை வகுப்பில் எத்தனையோ தரம் பிடித்திருக்கிறேன், எதிரே நிற்பவளுக்கு ஆப்சென்ட் போடுவதை அங்கேதான் பார்த்தேன். கூட்டம் போனதும் ஓவியர் மனைவியின் தோளைத் தட்டி, இன்னிக்கு நல்லா செத்தேடி, போனவளுக்குத்தான் மவுசு என்றார். முகத்தை ஏன் டீச்சர் அப்படி வச்சிருக்கீங்க என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் சமையலறைக்குப் போய், எப்படிம்மா பொறுத்துக்கறீங்க என்றேன். கப் கழுவிக்கொண்டே, உங்க பொண்ணு எப்ப வர்றா என்றுதான் அந்த அம்மா கேட்டார். கழுத்தைத் திருப்பி உட்காரச் சொல்லுவார், வலிச்சா முதல் நாளே சொல்லிடச் சொல்லுங்க, நான் சொல்லலை என்றார். இப்போது அந்த அம்மாவுக்கு ஒரு பக்கம் கழுத்து திரும்புவதில்லை, கூப்பிட்டால் உடம்போடு திரும்புகிறார்.

கிளம்பும்போது ஓவியர் உன் போட்டோவை போனில் பெரிதாக்கி, நல்ல கழுத்து டீச்சர், பத்து வருஷம் தாங்கும் என்றார். சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பவன்கூட மாட்டுக்காரன் முகத்துக்காகக் கொஞ்சம் தயங்குவான். ஆனாலும் அவருடையது தேர்ந்த கை, அதையும் சொல்லத்தான் வேண்டும். பெரிய இடம், போகட்டும் என்கிறார் அப்பா. நீ வளர்ந்த பெண், உன் கதவை நான் பூட்ட முடியாது. தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அவனுக்கு இரண்டு வரி எழுது. பனியில் வெளியே போனால் காதை மூடிக்கொள். நீ எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து, நீயாகவே இருக்க வேண்டும், அதுதான் என் ஆசி. அவருக்குப் பதில் சொல்லும் முன் ஒன்று செய்து பார். போன் போட்டு, படத்தைப் பற்றி எதுவும் பேசாமல், உங்க மனைவிகிட்ட போனைக் குடுங்க சார், பேசணும் என்று கேள்.

உன் அம்மா