வெண்ணெய் அரஞ்சினா

8 நவம்பர் 2008, சனி. பலெர்மோ.

ஜெர்மனியிலிருந்து வந்திருக்கும் அக்காவுக்கு இன்று ஊர் சுற்றிக் காட்டினேன். பேராலயத்தைப் பார்த்துவிட்டுச் சந்தைக்குள் நடந்ததில் இருவருக்கும் நல்ல பசி. ஆனால் அக்கா மச்சம், மீனோ இறைச்சியோ எதுவும், சாப்பிடுவதில்லை. சண்டை நடக்கும் வன்னிக்குள் அகப்பட்டிருக்கும் மகனின் குரலைக் கேட்கும்வரை தொடுவதில்லை என்று மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார்.

அதனால் அரஞ்சினா வாங்கினேன். பொரித்த சோற்று உருண்டைதான். இறைச்சி வைத்தது எனக்கு, வெண்ணெய் வைத்தது அக்காவுக்கு.

"இதுக்குள்ளை மச்சம் ஒண்டும் இல்லைத்தானே?"

"வெறும் பட்டரும் சீஸும்தான் அக்கா. பயப்பிடாமல் சாப்பிடுங்கோ."

ரசித்துச் சாப்பிட்டார். வந்த நாளிலிருந்து அவர் முகத்தில் இன்றுதான் ஒரு சிரிப்பைப் பார்த்தேன். "விடியவும் இதையே சாப்பிடுவன்" என்று இன்னொன்றும் வாங்கச் சொன்னார்.

வீட்டில் அதை ஃபிரிட்ஜில் வைக்கும்போது கையிலேயே உடைந்துவிட்டது. உள்ளே சீஸோடு இளஞ்சிவப்பாய்ச் சின்னச் சின்னத் துண்டுகள். பன்றியிறைச்சி. இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் பெயரை நம்பி வாங்கிக் கொடுத்திருக்கிறேன், மடைச்சி.

தெரியாமல் சாப்பிட்டால் நேர்த்தி முறியாது என்று பங்குச் சுவாமி சொல்வார். அக்கா அதை ஏற்கமாட்டார். மகனுக்கு ஏதும் ஆகிவிட்டால்... வேண்டாம், அதை எழுதமாட்டேன்.

உடைந்ததை நானே தின்றுவிட்டேன். விடியக் கேட்டால், பசித்தது என்று சொல்லலாம். அக்கா தலையணைக்கடியில் போனை வைத்துக்கொண்டு தூங்குகிறார். அது இன்னும் அடிக்கவில்லை.

மாதாவே, இரண்டையும் தின்றது நான்தான் என்று வைத்துக்கொள்ளும்.