எழுபது கிலோ சோதனை எடை குறித்து

அனுப்புநர்:
இ. பாண்டிச்செல்வி,
க/பெ. இசக்கிதுரை (மறைவு),
கிட்டங்கிச் சந்து, மட்டாஞ்சேரி, கொச்சி.

பெறுநர்:
உரிமம் வழங்கும் அலுவலர் அவர்கள்,
தனிநபர் பறக்கும் வாகனப் பிரிவு,
எர்ணாகுளம்.

பொருள்: பறக்கும் வண்டி விபத்து அறிக்கையில் என் கணவர் பெயரைச் சேர்க்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. அதனால் தமிழில் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளவும்.

1. என் கணவர் இருபத்திரண்டு வருடமாக இங்குள்ள சுக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்கினார். பின்பக்கம் காயலோரத்தில் ஒரு தனியார் கம்பெனி, ஒரே ஒருவர் உட்காரும் பறக்கும் வண்டியைக் கரையிலிருந்து ரிமோட்டில் ஓட்டிச் சோதித்து வந்தது. உரிமம் கிடைக்கும்வரை ஆளை ஏற்றக்கூடாது, எழுபது கிலோ மணல் மூட்டையைத்தான் ஏற்ற வேண்டும் என்பது தங்கள் அலுவலகத்தின் நிபந்தனை.

2. கடந்த ஜூன் 11 காலை மழையில் மணல் மூட்டை கிழிந்துவிட்டது. சும்மா ஏறி உட்கார்ந்தால் போதும் சேட்டா என்று கம்பெனிக்காரர்கள் என் கணவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிட்டங்கித் தராசில் அறுபத்தெட்டு கிலோ இருந்தார். மடியில் இரண்டு கிலோ சுக்குப் பொட்டலம் வைத்துச் சரிசெய்தார்கள். எடை போட்டவன் அங்கேயே வேலை பார்க்கும் என் தம்பி நல்லசிவம். இத்தனை நாள் நான் மூட்டை சுமந்தேன், இன்றைக்கு என்னைச் சுமக்க ஒன்று வந்திருக்கிறது என்று சிரித்தாராம்.

3. வண்டி காயலில் விழுந்தது. மூன்றாம் நாள் வைப்பின் தீவுப் பக்கம் அவரை எடுத்தார்கள். படகுத்துறையில் கால் தவறி விழுந்தவர் என்று கம்பெனி சொல்லிவிட்டது. எனக்கு இன்றுவரை அழுகை வரவில்லை. சோறு வடிக்கிறேன், கடைக்குப் போகிறேன், இதையும் எழுதுகிறேன்.

4. தங்கள் அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்த கம்பெனியின் அறிக்கையை, பத்தாவது படிக்கும் என் மகள் பாக்கியலக்ஷ்மி வாசித்துச் சொன்னாள். அப்பா பெயரைத் தேடி இரண்டு தடவை வாசித்தாள். மனிதர் யாருக்கும் காயமில்லை, சோதனை எடை எழுபது கிலோ நீரில் விழுந்தது என்று மட்டும் இருக்கிறது. இதை நம்பி, ஆளை ஏற்றிப் பறக்க இம்மாதம் 28-ஆம் தேதி உரிமம் தரப்போவதாகவும் அதே பலகையில் கண்டோம்.

5. யாருக்கும் தண்டனை வாங்கித்தர எனக்குத் தெம்பில்லை. நல்லசிவத்தை விசாரித்து, அறிக்கையைத் திருத்திய பிறகே உரிமம் பற்றி முடிவெடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த எழுபதில் இரண்டு கிலோ சுக்கு. மீதி என் கணவர். அதை எழுதிவிடுங்கள் ஐயா.

இடம்: மட்டாஞ்சேரி
நாள்: 14.07.2025

இவ்வாறு வேண்டி நிற்கும்,
(ஒப்பம்) இ. பாண்டிச்செல்வி

இணைப்பு: அன்றைய எடைச் சீட்டு ஒன்று. சரக்கின் பெயர் என்ற இடத்தில் தம்பி விளையாட்டாக அத்தான் என்று எழுதியிருக்கிறான்.