ஃப்ரேம் வராத வண்டி

நவ. 18, செவ்வாய்

விடியலேர்ந்து தூறல். ராஜகிரி மலையப் பாதிக்கு மேல காணோம், மேகம். வண்டிக் கண்ணாடி உள்பக்கம் ஆவி புடிச்சு, துடைச்சுத் துடைச்சு ஸ்கூல் போய்ச் சேர்ந்தேன்.

பார்சல் வந்துடுச்சு. கார்ல பாட்டுக் கேக்க ஏழு இஞ்ச் ஸ்க்ரீன் செட்டு. பெட்டிக்குள்ள செட்டு, வயர் கொத்து, ஒரு தகரக் கூடு, நாலு ஸ்க்ரூ. டேஷ்போர்டுல உக்கார வெக்கிற ஃப்ரேம் இல்ல. 'ஃப்ரேம் தனி'ன்னு பெட்டி அடியில எழுதியிருக்கான், எறும்பு சைஸுல. நாசமாப் போறவன்.

பழைய செட்டு போன வருசமே ஊமை. சுமதி பக்கத்து சீட்டுல இருந்த வரைக்கும் பாட்டு தேவைப்படல. எங்க ஸ்கூல் தமிழ் டீச்சர். மூணு வருசம் என் வண்டிலதான் வந்தா. செஞ்சி கூட்ரோட்ல ஏறுனா அவலூர்பேட்டை வரைக்கும் வாய மூட மாட்டா. இப்ப வைப்பர் சத்தம் மட்டும்தான்.

ஏன் அவள ஏத்துறத நிறுத்துனேன்னு இங்க எழுதி வெச்சுக்கிறேன். இல்லன்னா மன்னிச்சுத் தொலைச்சிடுவேன்.

என் தம்பி சேகர் அவனுக்குப் புடிச்ச பொண்ணக் கட்டிக்கிட்டான். "அவன் இருக்கற திசைல கூட தலை வெச்சுப் படுக்கக் கூடாது"ன்னு என் வீட்டுக்காரர் உத்தரவு. காந்தி பஜார்ல பாத்திரக்கடை வெச்சா ஊருக்கே நாட்டாமைன்னு நெனப்பு. சேகர் இருக்கறது மேல்சித்தாமூர்ல. அவனுக்குக் கொழந்த பொறந்து மூணு மாசம் ஆகியும் மூஞ்சியப் பாக்காம இருந்தேன். ஏப்ரல்ல ஒரு நாள் ஸ்கூல் விட்டு நேரா போயிட்டேன். சுமதிகிட்ட மட்டும்தான் சொன்னேன். "யாருக்கும் சொல்லிடாத"ன்னும் சொன்னேன். அன்னிக்கு சோத்துல கைய வெச்சுக்கிட்டே இவரு கேக்குறாரு:

"மேல்சித்தாமூர்ல ஒன்னேகால் மணி நேரம் இன்னா வேல?"

"யாரு சொன்னது? சுமதியா?"

சிரிச்சாரு. அவ்ளோதான். மறுநாள்லேர்ந்து கூட்ரோட்ல வண்டிய நிறுத்தல. அவ கைய காட்டுனா. கண்ணாடில பாத்துக்கிட்டே போனேன்.

நவ. 19, புதன்

மழை இல்ல, புழுக்கம். சாயங்காலம் கார் சாமான் கடைக்குப் போனேன்.

"இந்த மாடலுக்கு ஃப்ரேமே வர்றதில்ல மேடம். வண்டியே நிறுத்திட்டாங்க."

"அப்ப இன்னா பண்றது?"

"டேஷ்போர்ட வெட்டி எடுத்துட்டு, பசை போட்டு ஒட்டிடலாம்."

"வெட்டுனா ஏசி திருகு எங்க போகும்?"

முழிச்சான். அப்பறம் ரொம்பப் பொறுமையா, நான் எல்.கே.ஜி. புள்ள மாதிரி: "நீங்க சாரை வரச் சொல்லுங்க மேடம். அவருக்குப் புரிய வெக்கிறேன்."

பத்திக்கிட்டு வந்துச்சு. வண்டி என் பேர்ல. லோன் என் சம்பளத்துல. சார் ஓட்டுனா மொதல் கியர்லயே திண்டிவனம் வரைக்கும் போவாரு, அவருக்குப் புரியுமாம்! செட்டத் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

வீட்ல சொன்னேன், நானே மாட்டப் போறேன்னு. சாப்டுக்கிட்டு இருந்தவரு நிமிந்தாரு.

"நீ அதுல எல்லாம் கைய வெக்காத. ஷார்ட் ஆயிடும்."

"பத்தாவதுக்கு கரண்ட் பாடம் எடுக்குறவ நான்."

"பாடம் வேற, வண்டி வேற. நானே ஒரு ஆளக் கூட்டிட்டு வரேன். நீ தொடாத."

படுக்கற வரைக்கும் மூணு தடவ சொல்லிட்டாரு, தொடாத தொடாதன்னு. பொம்பள ஸ்க்ரூடிரைவர் புடிச்சா இவருக்கு இன்னா வலிக்குதோ. இதுக்காகவே மாட்டுறேன்.

நவ. 20, வியாழன்

வெயிலும் தூறலும் மாறி மாறி. அளவு எடுத்தாச்சு.

ஓட்டை: 19.2 × 11.4 செ.மீ. மேல் விளிம்பு நேரா இல்ல, வளைவு.
செட்டு: 17.8 × 10.

சுத்தி இடைவெளி. அத மூட நாமளே ஒரு சட்டம் வெட்டணும். புடவ டப்பா அட்டைல மாதிரி வெட்டிப் பாத்தேன். மூணாவது அட்டை சரியா உக்காந்துச்சு.

வாங்க:
— போர்டு எழுதற கடைல மிச்சம் விழற பிளாஸ்டிக் ஷீட், கறுப்பு
— எல் ஆங்கிள் சின்னது 2
— போல்ட்டு நட்டு 8
— ஹாக்சா பிளேடு, பஞ்சு டேப், இன்சுலேஷன் டேப்
— உளுந்து
— பத்தாவது 'சி' பேப்பர் திருத்தணும் (வாங்க இல்ல, செய்ய)

ஷீட் கெடைச்சுது. ஏதோ கல்யாண மண்டப போர்டு. பின்னாடி பாதி 'ம' இருக்குது.

ஸ்கூல்ல சுமதி லேட். பஸ் கூட்டமாம், புடவ முட்டி வரைக்கும் ஈரம். கையெழுத்துப் போட வந்தவ எங்கிட்ட, "டீச்சர், கொஞ்சம் நவுருங்க." அக்கா அக்கான்னு மூச்சுக்கு முன்னூறு தடவ கூப்புட்டவ. ஹெச்.எம். கடியாரத்தப் பாத்தாரு. அவ தலைய குனிஞ்சுக்கிட்டா.

நல்லா வேணும்னு நெனச்சேன். ஆமா, நெனச்சேன்.

நவ. 22, சனி

மழைக்கு லீவு. இவரு கடைக்குப் போன ஒடனே ஆரம்பிச்சேன்.

டேஷ்போர்டு மூடிய நெம்ப நம்ம கடை தோசத்திருப்பி. சும்மா சொல்லக் கூடாது, கனமான எவர்சில்வர். ஒரு கொக்கி 'டக்'னு ஒடஞ்சுது, மத்ததெல்லாம் கழண்டு வந்துச்சு. பழைய செட்ட உருவி எடுத்தேன். பின்னாடி கோழிக்குடல் மாதிரி வயர்.

ஸ்கூல் லேப் மீட்டர் வெச்சு ஒவ்வொண்ணாப் பாத்தேன். மஞ்ச: சாவி இல்லாமலே 12 வோல்ட். சவப்பு: சாவி போட்டா மட்டும். கறுப்பு: எர்த். மத்ததெல்லாம் ஸ்பீக்கர், ஜோடி ஜோடியா. கணக்கு முடிஞ்சுது.

முடியல. மஞ்ச வயர்ல நடுவுல தோல சீவி, மெல்லிசா இன்னொரு சவப்பு வயர முறுக்கி ஒட்டியிருக்குது. அழுக்கு டேப்பு. கம்பெனிக்காரன் வேல இல்ல. புடிச்சுக்கிட்டே போனேன், பக்கத்து சீட்டுக்கு முன்னால சாமான் வெக்கற டப்பா இருக்கற பக்கம், அதுக்கும் பின்னாடி. தீப்பெட்டிய விடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பொட்டி. பச்ச லைட்டு மினுக்குது. ஓரத்துல சிம் போடற மூடி.

வண்டி எங்க போகுது, எங்க நிக்குது, எவ்ளோ நேரம் நிக்குதுன்னு போனுக்கு அனுப்புற பொட்டி. லாரிக்காரங்க மாட்டுவாங்க, தெரியும். என் வண்டில யாரு மாட்டுனது?

வயரப் புடுங்குனேன். மணி 11.20.

11.24. போன். இவரு.

"வண்டில எதனா கைய வெச்சியா?"

"இல்லியே. ஏன்?"

"இல்ல, பேட்டரி எதனா கழட்டுனியான்னு…"

"கடைல உக்காந்திருக்கற ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

பின்னாடி யாரோ கிண்ணத்தத் தட்டிப் பாக்குற சத்தம். "மழையாச்சே, அதான் கேட்டேன்"னு வெச்சுட்டாரு.

சோதனைய ஒரு தடவ பண்ணா போதாதுன்னு புள்ளைங்களுக்குச் சொல்லுவேன். வயரத் திரும்ப ஒட்டுனேன். லைட்டு வந்துச்சு. பத்து நிமிசம் விட்டுப் புடுங்குனேன். அஞ்சாவது நிமிசம் போன் அடிச்சுது. எடுக்கல. முன்சீட்லயே உக்காந்துட்டேன்.  

ஒன்னேகால் மணி நேரம்! அன்னிக்கு சுமதி கூட்ரோட்லயே எறங்கிட்டா. நான் அங்க எவ்ளோ நேரம் இருந்தேன்னு அவளுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்? சாதாரணக் கேள்வி. ஏழு மாசமா கேக்கத் தோணல எனக்கு. நான் சயின்ஸ் டீச்சரா? தூ.

அதே நாள், விளக்கு வெச்சப்பறம்

சீக்கிரமா வந்தாரு, கைல போண்டா பொட்டலம். பதினாறு வருசத்துல கேக்காம போண்டா வாங்கினது இன்னிக்குதான். தட்டுக்குப் பக்கத்துல பொட்டிய வெச்சேன்.

பாத்தாரு. போண்டாவப் பிச்சாரு.

"இப்ப இன்னா அதுக்கு? வண்டி திருடு போனா? நீ ஒண்டியா போறவ. எல்லாம் பாதுகாப்புக்குத்தான்."

"பாதுகாப்புன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா கழட்டிடுவ."

இத விட நேர்மையா இந்த மனுசன் ஒரு வார்த்த பேசினதில்ல.

மார்ச்சுல சர்வீசுக்கு நானே விட்டுட்டு வரேன்னு ஓட்டிக்கிட்டுப் போனாரே, அன்னிக்கு மாட்டுனதாம். பரவால்லியே, ஒத்தாச பண்றாரேன்னு பூரிச்சுப் போயி அன்னிக்குப் பாயாசம் வெச்சேன். பாயாசம்!

"சுமதி ஒங்ககிட்ட ஒன்னுமே சொல்லலியா?"

"சுமதியா? அந்தப் பொண்ணு எங்கிட்ட பேசினதே இல்லியே."

"அன்னிக்கு சுமதியான்னு கேட்டேனே, சிரிச்சீங்களே?"

"நீயாத்தான் அவ பேரச் சொன்ன. நான் சொன்னனா?"

"அவள நான் வண்டில ஏத்துறதில்லன்னு தெரியுமில்ல?"

"தெரியும். பொம்பளைங்க சண்ட, நான் எதுக்கு நடுவுல?"

வாய்ல வந்துடுச்சு: "நீ மனுசனாய்யா?" நீன்னு சொல்லிட்டேன், மொத தடவ. அவருக்கு அதுதான் பெருசாப் போச்சு. பொண்டாட்டிய வேவு பாத்தது இல்ல, ஒரு பொண்ணு பஸ்ல தொங்கிக்கிட்டுப் போனது இல்ல, நான் நீன்னு சொன்னது! "மரியாத இல்லாத வீட்ல சாப்ட மாட்டேன்"னு எழுந்துட்டாரு. போண்டா மூணு காலி.

சோறு வடிச்சது அப்படியே இருக்குது. எனக்கும் எறங்கல.

நவ. 23, ஞாயிறு

வெயில். மலை சுத்தமாத் தெரியுது.

வெறியில வேல நல்லா ஓடுது. ஷீட்ட அறுத்தேன், அரம் போட்டேன், மேல வளைவு ஒரு நூல் தப்பு, பஞ்சு டேப்ப ஒட்டி அடைச்சேன். தகரக் கூட்டச் சொருகி நாக்க மடக்கி, எல் ஆங்கிள பழைய ஸ்க்ரூ ஓட்டைலயே முடுக்குனேன். ரெண்டு போல்ட்டு மிச்சம், ஏன்னு தெரியல. குலுக்கிப் பாத்தேன், ஆடல. ஸ்க்ரீன் வந்துச்சு, பாட்டு வந்துச்சு. நாலு ஸ்பீக்கரும் பேசுது. கார் கடைக்காரன் மூஞ்சிக்கு நேரா ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டணும்.

பாட்ட நிறுத்திட்டேன். கேக்கப் புடிக்கல.

இவருகிட்ட, "சேகர் வீட்டுக்குப் போறேன், வர எவ்ளோ நேரமாவும்னு தெரியாது"ன்னு சொல்லிட்டே கெளம்புனேன். பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்திருந்தாரு. ஒரே பக்கம்.

கொழந்த செவுத்தப் புடிச்சுக்கிட்டு நிக்குது. கீழ ரெண்டு பல்லு. நான் தூக்கப் போனா அழுவுது, யாருன்னே தெரியல அதுக்கு. ஏப்ரல்ல பாத்ததுதான். சேகர், "பழகிடும் க்கா, அடிக்கடி வா"ன்னான். 'ஏன் இவ்ளோ நாளா வரல'ன்னு அவன் ஒரு வார்த்த கேக்கல. அது இன்னும் எரியுது.

நவ. 24, திங்கள்

பனி. கூட்ரோட்ல வண்டிய நிறுத்துனேன். சுமதி பஸ் நிக்கற எடத்துல, கைல கொடை, டிபன் பை. எறங்கிப் போனேன். என்னெல்லாம் சொல்லணும்னு ராவெல்லாம் மனசுல ஓட்டி வெச்சிருந்தேன். அங்க போனா பொட்டி, வயரு, மார்ச்சு, பாயாசம்னு கொட்டிட்டேன் தலையும் இல்லாம வாலும் இல்லாம. பூக்காரம்மா கட்டறத நிறுத்திட்டுப் பாத்துச்சு.

கடைசில, "நீதான் சொல்லிட்டன்னு நெனச்சுட்டேன் சுமதி. மன்னிச்சுடு. ஏறு, போலாம்."

டிபன் பைய இன்னொரு கைக்கு மாத்திக்கிட்டா.

"எதுக்கு நிறுத்தாமப் போனீங்கன்னே எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நான் இன்னா பேசினேன், இன்னா தப்பு பண்ணேன்னு ஏழு மாசம் யோசிச்சிருக்கேன். தெனம் ஸ்டாஃப் ரூம்ல எதிர் சேர்ல உக்காந்திருந்தேனே. 'நீயா சொன்ன?'ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"கோவம் சுமதி…"

"அவருகிட்ட 'சுமதியா?'ன்னு கேக்கத் தோணுச்சு. எங்கிட்ட தோணல."

பஸ் வந்துச்சு. ஏறிட்டா. அது பின்னாடியே புது செட்டோட நானும் போனேன், ஒண்டியா. எம்மேலயே வர கோவத்த யாருகிட்ட காட்டறது? ஒம்பதாவது 'ஏ'ல காட்டிட்டேன். பாவம் புள்ளைங்க.

இவரு சாயங்காலம்: "செட்டு நல்லாத்தான் மாட்டியிருக்க."  பொட்டிய அலமாரில அவரு சட்டைங்களுக்கு மேல வெச்சிருக்கேன், தெனம் கண்ணுல படட்டும்.

நவ. 25, செவ்வாய்

தூறல் மறுபடியும். வண்டிய எடுக்கல. கூட்ரோட்டுக்கு நடந்தே போனேன்.

சுமதி பாத்தா. பிரைவேட் பஸ். நசுங்கிப் போற கூட்டம், மூணரை வருசமா மறந்தே போயிருந்தேன். இதுலதான் இவ தெனமும். அவளுக்கு ஜன்னல் சீட்டு கெடச்சுது. நான் பக்கத்துல கம்பியப் புடிச்சுக்கிட்டு.

கார் வாங்கறதுக்கு முன்ன நாங்க இப்படித்தான் போவோம். கண்டக்டர் யாரு பக்கத்துல மொதல்ல வராரோ அவங்க 'அவலூர்பேட்டை ரெண்டு'ன்னு வாங்கிடுவோம்.

சுமதிகிட்ட மொதல்ல வந்தாரு.

"அவலூர்பேட்டை ஒண்ணு."

கிழிச்சுக் குடுத்துட்டு என்னப் பாத்தாரு. பழைய ஆளு, எங்க ரெண்டு பேரையும் தெரியும். "அக்காவுக்கு எடுக்கலியா டீச்சர்?"

அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

"அவங்களக் கேளுங்க."