குடிக்காதவர் செய்த சத்தியம்

வடமதுரை,
14.7.2025

அன்பு மகள் டெய்சிக்கு,

ஆண்டவர் உன்னையும் மாப்பிள்ளையையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். பக்கத்து வீட்டு ஆல்வின் லீவு முடிந்து உன் மஸ்கட்டுக்கே திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். நார்த்தங்காய் ஊறுகாயும் இருக்கிறது.

இங்கே மழை இல்லை. போர்வெல் வற்றி, தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்கிறோம்.

அப்பாவை மதுரையில் நரம்பு டாக்டரிடம் காட்டினோம். ஒரு வருடமாகக் கை நடுங்குகிறது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. காலையில் பார்த்தவரை மாலையில் யாரென்று கேட்கிறார். டாக்டர் எடுத்த எடுப்பில் என்னைத்தான் கேட்டார், தூக்கத்தில் கத்துவாரா, கைகாலை வீசி அடிப்பாரா, எத்தனை வருடமாக என்று. ஒன்பது வருடம் என்றேன். பார்க்கின்சன் வருகிறவர்களில் பலருக்கு அதுதான் முதல் அறிகுறியாம். கனவில் யாரையோ விரட்டுகிறவர் பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்துவிடுவாராம். அன்றைக்கே வந்திருந்தாலும் வியாதியை நிறுத்தியிருக்க முடியாது, என்னவென்றாவது தெரிந்திருக்கும் என்றார்.

நீ நர்ஸ், உனக்கும் தோன்றவில்லை. உன்னைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

தூக்கத்தில் அவர் வீசிய கை பட்டு என் உதடு கிழிந்த அன்று அப்பா, "நாய விரட்டுற மாதிரி கனவு வந்துச்சு அமலா" என்று அழுதார். உன் மாமா, குடிக்காமல் எவன் பெண்டாட்டியை அடிப்பான் என்று அவரைக் கோயிலுக்கு இழுத்துப்போனார். என்னை அடித்துவிட்ட வெட்கத்தில், பங்குச்சாமியார் முன் அப்பா குடியை விடுவதாகச் சத்தியம் செய்தார். அவர் வாயில் ஒரு நாளும் சாராய வாடை வந்ததில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் நின்றேன். குடிகாரன் மகளை ஊர் கட்டிக்கொள்ளும், பைத்தியத்தின் மகளைக் கட்டுமா? அப்படித்தான் அன்று கணக்குப் போட்டேன். நீ என்னடாவென்றால், அதை நம்பி, உன் கல்யாணத்தில் கைபிடித்துப் பீடத்துக்கு அழைத்துப்போக மாமாவை நிறுத்தினாய். அப்பா கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் முன்னால் அப்பா எழுந்து கைகட்டி நின்றார். "நான் குடிகாரன் சார். பொண்டாட்டிய அடிச்சவன். மக பேச மாட்டா" என்றார். முப்பது வருடம் சொல்லிக்கொடுத்த கணக்குப் பாடமே மறந்துவிட்டது. நாங்கள் அவர் தலையில் ஏற்றிய பொய் மட்டும் போகவில்லை.

நீங்கள் குடித்ததே இல்லை என்று தினமும் சொல்கிறேன். "நீ பொறுத்துப் போறவ, அப்படித்தான் சொல்லுவ" என்கிறார். என் பேச்சு எடுபடாது. வெறுத்துப் போனவள் சொன்னால்தான் நம்புவார். உன் பெயர் இன்னும் நினைவிருக்கிறது, எத்தனை நாளைக்கு என்று டாக்டருக்கே தெரியவில்லை.

லீவு கேட்டு வா. என்னை மன்னிக்க வேண்டாம், என்னோடு பேசவும் வேண்டாம். அவர் கையைப் பிடித்து, உங்கள் மேல் தப்பில்லை அப்பா என்று ஒரு தடவை சொல்லிவிடு. தான் நல்லவன் என்று தெரிந்துகொண்டாவது அந்த மனுஷன் சாகட்டும்.

உன் அம்மா,
அமலராணி