சொல்லாமப் போன ஆபீசரம்மா

5-2-79
ராசுக்குட்டி, ஒன் ஐ.டி.ஐ. நோட்டுல பாதிப் பக்கம் சும்மா கெடக்கு. அதுலதான் எழுதுறேன். எழுத்துக் கோணலா இருக்கும், சிரிக்காத.

இன்னிக்கு மதுரைக்குப் போனேன். நன்னடத்தை ஆபீசராம், பேரு ஜகதாம்பாள். போலீசுன்னு பயந்து போனா, கண்ணாடி போட்ட ஒரு அம்மா. நாற்காலியில உக்காரச் சொன்னாங்க. நான் தரையில உக்காந்தேன். ஒரு வருசம் ஒழுங்கா இருக்கணுமாம். மாசாமாசம் மொதத் திங்கக்கெழமை வரணும், அவங்களும் நம்ம வீட்டுக்கு வந்து பாப்பாங்களாம். சரியா நடக்கலைன்னு எழுதிட்டா ஜெயிலு.

"லாரி மொதலாளி மண்டையில கல்லைப் போட்டது நெசமா இருளாயி?"

"நெசந்தாம்மா. எம்புள்ளை லாரியில அடிபட்டுச் செத்ததுக்கு, ஒன் மகன்தான் குறுக்க வந்தான்னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னான்."

"இன்னும் கோவம் இருக்கா?"

இல்லைன்னா ஒனக்குத் துரோகம். இருக்குன்னா ஜெயிலு. தெரியலைன்னேன். அதையும் எழுதிக்கிட்டாங்க. நல்லவங்களா, கெட்டவங்களா?

14-3-79
ஆபீசரம்மா வந்துச்சு. மோர் குடுத்தேன். ஒன் படத்தை ரொம்ப நேரம் பாத்துச்சு. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. எந்திரிச்சுப் போறப்ப, "போயிட்டு வரேன்மா"ன்னுச்சு.

எழவு வீட்டுல! வயித்துப் புள்ளையோட ஒங்க அக்கா தங்கப்பொண்ணு நெலைப்படியில நிக்கிறா! எனக்குக் கண்ணு மண்ணு தெரியலை. "இங்க இன்னும் யார் இருக்கான்னு திரும்பி வாரே?"ன்னு கத்தி, கதவை அடைச்சுட்டேன்.

15-3-79
நான் ஜெயிலுக்குப் போனா இவ பேறுகாலத்தை யாரு பாப்பா?

2-4-79
திரும்பவும் மதுரைக்குப் போனேன். வையப் போறாங்கன்னு பாத்தா, "நான் என்ன தப்புப் பண்ணேன் இருளாயி? சொன்னாத்தானே தெரியும்"னாங்க. சொன்னேன்.

ஆபீசரம்மா கண்ணாடியைக் கழட்டி மேசையில வச்சாங்க. "எனக்கும் தெரியும்மா. ஏழு மாசம் ஆயிருச்சேன்னு நெனச்சுட்டேன்."

"எனக்கு இன்னும் வருசம் திரும்பலைம்மா."

கதவை அடைச்சதை எழுதிட்டீங்களான்னு கேட்டேன். "மோர் நல்லா இருந்துச்சுன்னு எழுதியிருக்கேன்"னாங்க. கேலியா, நெசமா? பஸ் திருமங்கலம் வர்ற மட்டும் யோசிச்சேன். வெளங்கலை.

16-5-79
ஒங்க அக்காவுக்குப் பொண்ணு பொறந்து இன்னிக்கு ஒம்பதாம் நாளு. ஆபீசரம்மா பாக்க வந்துச்சு. கேட்டதெல்லாம் கேட்டுச்சு, எழுதுச்சு. பெறகு பேசிக்கிட்டே இருந்தது சட்டுன்னு எந்திரிச்சு, செருப்பை மாட்டி, திரும்பிக்கூடப் பாக்காம விறுவிறுன்னு போயிருச்சு.

"என்னம்மா, அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லாமப் போகுது? இம்புட்டுத் திமிரா?"ன்னா ஒங்க அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு ராசு. நீ போனதுக்கு அப்பறம் இன்னிக்குத்தான் சிரிச்சேன். தப்பா? சிரிச்சு முடிச்சு அழுதேன்.

2-7-79
மதுரைக்குப் போயிக் கையெழுத்துப் போட்டேன். கோவம் இருக்கான்னு அவங்களும் கேக்கலை, நானும் சொல்லலை.

20-8-79
ஒனக்குத் திவசம் குடுத்தாச்சு.

5-9-79
ஆபீசரம்மா வந்துச்சு. பாப்பாவை மடியில போட்டுக் கொஞ்சுச்சு. எந்திரிச்சு வாசல் வரைக்கும் போனது போகலை. என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

"வருசம் திரும்பிருச்சு. சொல்லிக்கிட்டே போங்கம்மா"ன்னேன்.

"வரேன் இருளாயி."

"வாங்கம்மா."

தெருமுக்கு திரும்புற வரைக்கும் நின்னு பாத்தேன். அப்பத்தான் நெனப்பு வந்துச்சு. நீ போன அன்னிக்குக் காலையில நான் மாவாட்டிக்கிட்டு இருந்தேன். நீ சைக்கிளை எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னு என்னமோ சொன்னே. ஆட்டுக்கல்லுச் சத்தத்துல காதுல விழலை. நானும் நிமிந்து பாக்கலை.

வாரேன்னுதானய்யா சொன்னே?