தெற்குக் கையில் ஒரு சுவர்

1934 பிப்ரவரி 12

இன்றும் கிளிஞ்சல் சுண்ணாம்பு இடித்தோம். பட்டாபிராம் ஸ்டேஷனில் இறங்கி வண்டியில் வந்த மூட்டைகள். எங்கள் தெருப் பெண்கள் முப்பது பேர். கடுக்காய்த் தண்ணீர் ஊற்றி இடித்து இடித்து உள்ளங்கை வெந்துபோயிற்று. பெரியதெருவிலிருந்து ஒருத்தி வரவில்லை. பூ கட்டுகிறார்களாம். மாதா கோயிலே இன்னும் எழும்பவில்லை, பூ யாருக்கு?

தலைமைக் கொத்தன் என் மகன் லூர்து. எனக்குப் பெருமைதான். அவனிடம் சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 20

பங்குச் சாமியார் கொட்டகையில் கோயில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். எட்டிப் பார்த்தேன். "இதெல்லாம் உனக்குப் புரியுமா, அன்னம்மாள்?" என்றார். வந்ததே கோபம் எனக்கு!

"அஞ்சாவது படிச்சிகீறேன் சாமி. தலைகீழா புடிச்சாலும் புரியும்."

சிரித்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தார். மறக்குமுன் எழுதிவைக்கிறேன்.

கோயில் என்பது சிலுவையில் கிடக்கிற ஆண்டவருடைய மேனி. கிழக்கே தலை. அங்கேதான் பீடம், சூரியன் உதிக்கிற திக்கைப் பார்த்துப் பூசை. மேற்கே கால், அங்கே பெரிய வாசல், வாசலில் தீர்த்தத் தொட்டி. நடுவில் நீளக் கூடம், அது உடம்பு. கூரையை உள்ளிருந்து அண்ணாந்து பார்த்தால் கவிழ்த்த படகு மாதிரி இருக்குமாம். அதனால் சீமையில் அவர் ஊரில் அந்தக் கூடத்துக்குக் கப்பல் என்றே பேர். உடம்பிலிருந்து வடக்கே ஒரு கை, தெற்கே ஒரு கை. ஜன்னல் ஒடுக்கமாய், உயரமாய், மேலே கூராய் இருக்கும் — கண்ணை மேலே இழுக்க. பீடத்துக்கு முன்னால் மரக் கிராதி. அங்கே முழங்காலிட்டு நற்கருணை அப்பம் வாங்க வேண்டும்.

கேட்கக் கேட்க உடம்பு சிலிர்த்தது. ஒரே மேனிக்குள் எல்லோரும்.

ஏப்ரல் 8

தெற்குக் கை எங்கள் தெருவுக்காம். தனி வாசலும் உண்டாம். நடுக் கூடமும் வடக்குக் கையும் பெரியதெரு மேல்சாதிக்கு.

சரி, கைதானே. கையும் மேனிதானே. அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 9

கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

பெரியதெரு ராயப்பர், கோயில் காரியம் பார்க்கிறவர், கேட்டாராம்: தெற்குக் கை உடம்போடு சேருகிற இடத்தில், இரண்டு தூணுக்கு நடுவே, கழுத்துயரம் ஒரு சுவர். நற்கருணையைச் சாமியாரே கடைசியில் அந்தப் பக்கம் கொண்டுவந்து கொடுத்துவிடட்டும். நாங்கள் கிராதிப் பக்கம் வரவே வேண்டாம். சாமியாரும் சரி என்றுவிட்டார்!

நேரே போனேன். "சாமி, ஆண்டவர் கைய தோள்பட்டையோட வெட்டிட்டு, அதுக்குக் கோயில்னு பேரா?"

அவர் தரையைப் பார்த்தார். "கோயில் முதலில் முடியட்டும் அம்மா. பிறகு பார்க்கலாம்."

பிறகு. எங்களுக்கு எல்லாமே பிறகு.

சுவர் கட்டப் போகிறவன் யார்? என் வயிற்றில் பிறந்தவன்.

"நீ கட்டுவியாடா?"

"நான் கட்டலேன்னா வேற ஆள கூட்டியாந்து கட்டுவாங்க யம்மா."

"அவன் கட்டட்டுமே! உன் கையில இன்னா முளைச்சிகீது, கட்டியே ஆவணும்னு?"

அவன் கொத்துக் கரணையைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

ஜூன் 10

இன்று முதல் லூர்துக்கு என் கையால் சோறில்லை. பெண்டாட்டி போடட்டும்.

ஜூன் 27

சுவர் எழும்பிவிட்டது. கூட யாரையும் வைத்துக்கொள்ளாமல் தனியாகவே கட்டினானாம். எங்களிடம் ஒரு கூடை சுண்ணாம்பு கேட்கவில்லை. வெட்கமாக இருந்திருக்கும். இருக்கட்டும்.

செப்டம்பர் 8

மாதா பிறந்த திருநாள். புதுக் கோயிலை மந்திரித்துத் திறந்தார்கள். மேளம், வெடி, ஆவடியிலிருந்தெல்லாம் ஜனம்.

தெற்குக் கையில் முழங்காலிட்டோம். மணி அடித்தது, சாமியார் அப்பத்தைத் தூக்கிக் காட்டுகிற நேரம். நான் கண்டது வெள்ளையடித்த சுவர். பக்கத்தில் கிழவி அருளாயி, எண்பது வயசு, என் முந்தானையை இழுத்து, "தூக்கிட்டாராடி?" என்றாள்.

"எனக்கு இன்னா தெரியும்? நானும் உன்ன மாரி சுவத்த பாத்துகினு கீறேன்."

கேட்டிருக்க மாட்டாள். காது மந்தம். ஆனாலும் மார்பில் அடித்துக்கொண்டாள்.

நான் அடித்துக்கொள்ளவில்லை. பாவமென்றால் பாவம்.

அக்டோபர் 14, ஞாயிறு

பிரசங்கத்தின்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். பூசை முடிந்து எழுந்தால் என் புடவை முதுகெல்லாம் செம்மண். மழை ஈரம் தரையிலிருந்து ஏறிச் சுவரில் வெள்ளை உரிந்திருக்கிறது. செங்கல் இடுக்கில் விரலை வைத்தேன். விரல் உள்ளே போயிற்று.

மண்! முப்பது வருஷம் சுண்ணாம்பு இடித்தவள் நான், எனக்குத் தெரியாதா? உள்ளே ஒரு பிடி சுண்ணாம்பு கிடையாது. தூண் பக்கம் போய்ப் பார்த்தேன். சுவரைத் தூணோடு கோக்கவே இல்லை. கத்தி நுழைகிற சந்து. அதில் கண்ணை வைத்தால் பீடத்து மெழுகுவர்த்தி தெரிகிறது.

என் பிள்ளை மாட்டுக்கொட்டகைச் சுவரைக்கூட இப்படிக் கட்ட மாட்டான்.

அக்டோபர் 15

நாலு மாசத்துக்குப் பிறகு அவனிடம் பேசினேன்.

"சுவத்துல ஏன்டா சுண்ணாம்பு இல்ல?"

"தீந்து போச்சி யம்மா."

"பதினோரு மூட்ட மீந்துது. நான் எண்ணிகீறேன்."

தலையைக் குனிந்து சிரிக்கிறான் திருட்டுப்பயல். "வேற ஆளு கட்டினா சுண்ணாம்புல கட்டியிருப்பான். அப்பறம் நூறு வருசத்துக்கு அசையாது."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

"உன் வாயி எனக்குத் தெரியாதா? மறுநாளே ராயப்பர் ஊட்டுக்கு சேதி போயிருக்கும்."

இந்த அவமானத்துக்கு அவன் முதுகில் இரண்டு வைத்தேன். நாலு மாசம் வயிறெரிந்தேனே, அதற்கு இன்னும் இரண்டு.

நவம்பர் 3, சனி

சனிக்கிழமை கோயில் பெருக்குவது எங்கள் தெருப் பெண்களின் முறை. முப்பது பேரும் போனோம். பெருக்கினோம். நன்றாகப் பெருக்கினோம். சுவரின் செங்கல்லைத் தெற்கு வாசலுக்கு வெளியே அடுக்கி வைத்தோம். ஒரு கல் உடையவில்லை.

நவம்பர் 4

ராயப்பர் வந்து ஆடினார். "ஏய் லூர்து! சாயங்காலத்துக்குள்ள சுவரு நிக்கணும்!"

இவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பணிவாக: "கட்டிடலாங்க. இந்த தபா நல்ல சுண்ணாம்புலயே கட்டிடலாம். எங்க பொம்பளைங்க இடிக்கமாட்டேன்றாங்க. உங்க தெருவுலேர்ந்து ஒரு முப்பது பேர அனுப்புங்க."

பூக்கூடைக்காரிகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ராயப்பர் சாமியாரைப் பார்த்தார். சாமியார் வெறும் தரையில் இருந்த மண் தடத்தைப் பார்த்துவிட்டு, சுவர் இல்லாமலே பூசைக்கு மணி அடிக்கச் சொன்னார். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை ஜூன் மாசமே சொல்லியிருந்தால் என்ன? அதை நான் மறக்கப் போவதில்லை.

நவம்பர் 11

பெரியதெருவில் பாதிப் பேர் பூசைக்கு வரவில்லை. நடுக் கூடத்தில் ஏகப்பட்ட இடம்.

நான் இன்றும் தெற்குக் கையில்தான் இருந்தேன். அடுத்த ஞாயிறு எங்கே என்று பார்க்க வேண்டும். மணி அடித்ததும் அருளாயி என் முந்தானையை இழுக்கவில்லை. வாயைத் திறந்தபடி பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் லூர்துக்குச் சோறு போட்டேன். கருவாட்டில் பெரிய துண்டு அவனுக்கு.