சம்பந்திக்கு மட்டும் வந்த மெயில்

குரும்பலூர்,
பங்குனி 9, ஞாயிறு.

அன்பு மகன் இளவரசனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். மஸ்கட்டில் நீயும் சுவாதியும் பேத்தி தமிழ்மொழியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். நீ வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் எதிரிலேயே இருக்க, ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று யோசிப்பாய். படித்துக்கொண்டே வா, தெரியும். லப்பைக்குடிக்காட்டு நூர்முகமது வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலாம். சின்ன வெங்காயம் இந்தத் தடவை நன்றாக வந்திருக்கிறது.

பொங்கலிலிருந்து உன்னிடமிருந்து எனக்கு ஒரு மெயில்கூட வரவில்லை. எனக்கு மெயில் எழுதுகிறவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். பெட்டி காலியாக இருந்தால் நீ எழுதவில்லை என்றுதானே அர்த்தம்? மாசியில் அரியலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். உன் மாமனார் மணிமாறன் எனக்குப் பக்கத்து இலை. சாப்பிட்டுக்கொண்டே, "மாப்ள மெயில் போட்டிருந்தாரு சம்பந்தி, வூடு மாத்துறாங்களாம், புது வூட்டு சன்னல்லேருந்து கடல் தெரியுதாம், பாத்தீங்கள்ல?" என்று கேட்டார். பார்த்தேன் என்று பொய் சொன்னேன். கை கழுவிவிட்டுப் போனை எடுத்து, பேத்தி வரைந்த படம் ஒன்றைக் காட்டினார். கண்ணாடி போட்ட ஒரு தாத்தா. "நான்தானாம்" என்று சிரித்தார். நானும்தானே கண்ணாடி போட்டிருக்கிறேன்? என் பட்டன் போனைச் சட்டைப்பைக்குள் இன்னும் கீழே தள்ளிவிட்டு, பாயசம் குடிக்காமலே எழுந்து வந்தேன். பெற்று வளர்த்துப் படிக்க வைத்தவன் நான், வீடு மாறும் செய்தி அவருக்கு. அடுத்த வாரம் நீ போனில் "எல்லாத்தையும் மெயில்ல எழுதிட்டேனேப்பா" என்றபோது, மாமனாருக்கு எழுதியதை எனக்கு எழுதியதாக நினைத்துப் பேசுகிறாய் என்றே எடுத்துக்கொண்டேன். அதனால்தான் சரி என்று ஒரே சொல்லில் போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

போன புதன்கிழமை உன் மாமனார் திடீரென்று வந்தார். அவர் வீட்டு பிரிண்டர் கெட்டுவிட்டதாம், ஒரு படிவத்தை இங்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். நம் கம்ப்யூட்டரில் தன் மெயிலைத் திறந்து எடுத்தார், அம்மா பரிமாறியதைச் சாப்பிட்டார், என்னைப் பார்த்து ஏதோ கேட்க வந்ததுபோல இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினார், மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு பார்த்தால் அவருடைய மெயில் மூடாமல் அப்படியே இருக்கிறது. வரிசையாக உன் பெயர். இளவரசா, மறைக்காமல் சொல்கிறேன், கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து ஒன்றுவிடாமல் படித்தேன். உனக்கு அவர்மேல் எவ்வளவு பிரியம் என்று எண்ணி எண்ணி வயிறு எரிந்தது. கடைசி மெயிலில் நீ எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் கை நின்றது. அப்பாவுக்கு ரெண்டு மாசமா எழுதுறேன், ஒரு பதிலும் இல்ல, என்மேல என்ன கோபம்னு தெரியல, நீங்க நேர்ல பாத்தா பக்குவமா கேளுங்க மாமா என்று எழுதியிருந்தாய். பிரிண்டர் கெட்டதெல்லாம் சும்மா, அவர் வந்தது அதற்குத்தான் என்று அப்போது புரிந்தது.

மறுநாள் காலையில் சம்பந்திக்குப் போன் போட்டு, என் மெயிலில் ஏதோ கோளாறு என்று மட்டும் சொன்னேன். அடுத்த பஸ்ஸில் வந்து நின்றார். என் பெட்டியைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தார். வருகிற மெயிலையெல்லாம் எவனோ ஒருத்தனின் முகவரிக்கு அனுப்பிவிட்டு இங்கே அழித்துவிடும்படி யாரோ செய்து வைத்திருக்கிறார்கள். தை மாதம் எனக்கு ஒரு மெயில் வந்தது, உங்கள் பெட்டி நிரம்பிவிட்டது, பாஸ்வேர்டைப் போட்டால் இடம் தருகிறோம் என்று. நானும் நம்பிப் போட்டேன். திருடனுக்குச் சாவியை நானே கொடுத்திருக்கிறேன். உன் மாமனார் அந்த ஏற்பாட்டை அழித்தார், எனக்குத் தெரியாத ஒரு போன் நம்பர் இருந்ததை எடுத்துவிட்டு என் நம்பரைப் போட்டார். இனி புதிதாக யார் நுழைந்தாலும் என் பட்டன் போனுக்கு ஒரு எண் வரும், அதை யாருக்கும் சொல்லக் கூடாதாம். பாஸ்வேர்டை மாற்றச் சொன்னார். "மகன் பேரு, பொறந்த வருசம் இதெல்லாம் வேணாங்க" என்றார். நான் வைத்திருந்தது அதுதான் என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ. நான் தட்டும்போது எழுந்து போய்ச் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

அந்த முதுகைப் பார்த்ததும் என்னால் அடக்க முடியவில்லை. உங்க மெயிலைப் படிச்சுட்டேன் சம்பந்தி என்று சொல்லிவிட்டேன். திரும்பவே இல்லை. சுவரைப் பார்த்தபடியே, "படிச்சா அதுல என்ன இருந்துச்சு? பாதிக்குப் பாதி அப்பா எப்படி இருக்காரு, அப்பா வயலுக்குப் போறாராங்கறதுதான. மாப்ள எழுதுறாரு, சந்தோசம். எம் மக எனக்கு ஒரு வரி எழுதலீங்க. மூணு வருசமா. பெத்த புள்ள எழுதுற உங்களப் பாத்தா எனக்கு எப்படி இருக்கும்?" என்றார். கம்ப்யூட்டர் முழுக்க வைரஸ் இருக்கிறதா என்று தேட இரண்டு மணி நேரம் ஆயிற்று. இருவரும் திரையில் நகர்கிற கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு மாதத்துக்குள் வந்தவை மட்டும் குப்பையில் கிடைத்தன, நீ எழுதியவை நாலு. மற்றதெல்லாம் போனது போனதுதான். அந்நியன் ஒருத்தன் படித்துவிட்டான், நான் படிக்கவில்லை. அதற்காகத்தான் இதைக் காகிதத்தில் எழுதுகிறேன், இன்னும் அந்தப் பெட்டியில் மனசைக் கொட்டத் துணிவு வரவில்லை.

இதை மறந்துவிடாதே. உன் பாஸ்போர்ட் நகலை எப்போதோ எனக்கு அனுப்பியிருந்தாய், அதுவும் அவன் கையில் சிக்கியிருக்கும். உன் பாஸ்வேர்டுகளை இதைப் படித்த கையோடு மாற்று, என் பெயரில் ஏதாவது கேட்டு மெயில் வந்தால் நம்பாதே, முதலில் போன் செய். சுவாதியிடம் பக்குவமாகச் சொல், அவள் அப்பாவுக்கு அவள் கையால் நாலு வரி எழுதட்டும், நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம். நீ மாமாவுக்கு எழுதுவதை நிறுத்தாதே, அவர் நல்ல மனிதர். ஆனால் எனக்கு எழுதி முடித்துவிட்டு, அதற்கப்புறம் அவருக்கு எழுது. ஒரு நிமிடம் முந்தினால் போதும்.

மூவரும் நூறு வயது நிறைவாக வாழ வேண்டும். அம்மா பேத்திக்கு முத்தம் கொடுக்கச் சொன்னாள்.

உன் அப்பா,
நல்லுசாமி